மூக்கு கோணலா? கண்ணாடி கோணலா?

திருச்சி வெயில் விளையாட்டல்ல. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது இந்த ஊருக்குப் பழகிப் போன சங்கதி. மலைக்கோட்டைப் பாறையில் கால் வைக்க முடியாது. காவிரியில் தண்ணீர் குறைந்து மணல் தெரிகிற நாட்களில், பாலத்தின் மேல் போகிறவர்களுக்குக் கண் கூசுகிறது.

அதனால் கறுப்புக் கண்ணாடி வியாபாரம் சூடு பிடிக்கிறது.

தெப்பக்குளம், மெயின்கார்டு கேட், சத்திரம் பஸ் நிலையம் என்று ஜனங்கள் கூடுகிற இடங்களில், பலகையில் வரிசையாகச் செருகி வைத்து விற்கிறார்கள். ஊரில் இதற்கு வழங்கும் பெயர் 'கூலிங் கிளாஸ்'. நூறு, இருநூறு ரூபாய்க்கும் கிடைக்கிறது. ஏ.சி. போட்ட கடைகளில் ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் கண்ணாடியும் இருக்கிறது.

விலை எதுவானாலும் ஒரு தொல்லை பொதுவாக வருகிறது. மாட்டிக்கொண்டு முகம் பார்த்தால், ஒரு பக்கம் ஏறி நிற்கிறது. மறுபக்கம் இறங்கி நிற்கிறது. உடனே ஒரு பேச்சு நடக்கிறது. அது பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

"அண்ணே, இது கோணலா இருக்கே?"

"கண்ணாடி நேராத்தான் இருக்கு தம்பி. உங்க மூக்குதான் கொஞ்சம் ஒரு பக்கமாப் போவுது!"

வாங்க வந்தவர் வாயடைத்துப் போகிறார். காசைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வருகிறார். இருபத்தைந்து வயது வரை தெரியாத ஒரு குறை அன்றைக்குத் தெரிந்து விட்டது. அன்று ராத்திரி அவர் மூக்கைத் தடவிப் பார்த்துக் கொள்கிறார்.

இது அநியாயம். கடைக்காரர் செய்ய வேண்டிய இரண்டு நிமிட வேலையை, வாங்க வந்தவரின் மூக்கின் மேல் போட்டு விட்டார்!

யாருடைய முகம் நேர்?

மனித முகத்தில் இரண்டு பக்கமும் அச்சாக ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரு காது சற்று மேலே இருக்கும். மற்றது சற்றுக் கீழே இருக்கும். ஒரு காது தலையோடு ஒட்டி இருக்கும். மற்றது விலகி இருக்கும். மூக்குத் தண்டு நடுக்கோட்டை விட்டு இம்மியளவு நகர்ந்திருக்கும். சின்ன வயதில் கபடி ஆடி விழுந்தவர்களின் மூக்கைக் கேட்கவே வேண்டாம்.

சிலைக்கு வேண்டுமானால் ஸ்தபதி நூல் பிடித்துக் காது வைத்திருப்பார். மனிதர்களுக்கு அப்படி யாரும் வைக்கவில்லை.

கண்ணாடியோ அச்சில் வார்க்கப்படுகிறது. இயந்திரம் இரண்டு பக்கத்தையும் ஒன்றுபோல் செய்கிறது. நேரான ஒரு சாமானை, நேரில்லாத ஒரு முகத்தில் வைத்தால் அது சாய்ந்துதான் நிற்கும். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

மேல்நாட்டுக் கம்பெனிகளே இதை ஒப்புக்கொண்டு விட்டன. பல காலமாக ஐரோப்பியர்களின் உயர்ந்த, மெல்லிய மூக்கை மனதில் வைத்துத்தான் பிரேம்கள் செய்யப்பட்டன. ஆசியாவில் பலருக்கு மூக்குத் தண்டு அவ்வளவு உயரம் கிடையாது. பிரேம் நழுவிக் கன்னத்தில் உட்கார்ந்தது. இப்போது தாழ்ந்த மூக்குக்கென்று தனி அளவிலேயே பிரேம் செய்து விற்கிறார்கள். வாங்குகிற ஜனங்கள் பெருகிய பிறகு, அவர்களின் மூக்கும் மரியாதை பெற்றுவிட்டது!

நம் ஊருக்கே உரிய காரணங்களும் சில உண்டு.

பெண்கள் காதில் மாட்டல் அணிகிறார்கள். கம்மலிலிருந்து காதின் மேல் ஏறித் தலைமுடிக்குப் போகும் அந்தச் சங்கிலியின் மேல் கண்ணாடியின் கம்பி உட்கார்ந்தால், அந்தப் பக்கம் நிற்கிற நிலையே மாறுகிறது. ஸ்ரீரங்கத்தில் தென்கலைத் திருமண் இட்ட பெரியவர்களுக்கு வேறு ஒரு சங்கடம். அந்தத் திருமண்ணுக்கு மூக்கின் மேல் பாதம் உண்டு. கண்ணாடியின் நடுப்பாலமும் அங்கேதான் உட்கார வேண்டும். திருமண் கலைந்துவிடக் கூடாதே என்று கண்ணாடியை ஒதுக்கி வைக்கிறவர்கள், ஒரு பக்கமாகத்தான் ஒதுக்குவார்கள்.

ஹெல்மெட் போடுகிறவர்கள் கதை தெரிந்ததே. கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதன் மேல் ஹெல்மெட்டை அழுத்தினால், உள்ளே இருக்கும் பஞ்சு கம்பியைத் தள்ளிவிடும். முதலில் ஹெல்மெட், பிறகு கண்ணாடி என்பதுதான் சரியான வரிசை. கம்பி மெல்லியதாகவும் நேராகவும் இருந்தால் இன்னும் நல்லது.

காது பிறகுதான் வந்தது

மூக்குக் கண்ணாடிக்குக் காதில் மாட்டும் கம்பி தொடக்கத்தில் கிடையாது என்றால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்.

இத்தாலி நாட்டில் 1286 வாக்கில் மூக்குக் கண்ணாடி தோன்றியது. அதன் பிறகு 400 ஆண்டுகளுக்கு மேல் அதைக் கையில் பிடித்துக்கொண்டார்கள். அல்லது மூக்கில் கவ்வ வைத்தார்கள். அல்லது நாடா போட்டுக் கட்டினார்கள். 1730 வாக்கில்தான் லண்டனில் எட்வர்ட் ஸ்கார்லெட் என்ற வியாபாரி, பக்கத்தில் கம்பி வைத்த கண்ணாடியை விளம்பரம் செய்தார். அந்தக் கம்பிகூடக் காதைத் தொடவில்லை. நெற்றிப் பொட்டின் பக்கம் அழுத்திப் பிடித்தது. காதுக்குப் பின்னால் வளைந்தது அதற்கும் பிறகுதான்.

நம் பக்கத்துக் கதையும் சுவையானது. விஜயநகரத்தில் வாழ்ந்த வியாசராயர் என்ற மத்வ குரு, 1520 வாக்கில் மூக்குக் கண்ணாடி வைத்துச் சுவடி படித்ததாக, அவர் வரலாற்றைப் பாடிய சோமநாத கவி குறித்திருக்கிறார்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போகிற வழியில் வல்லம் இருக்கிறது. அங்கே மண்ணில் கிடைத்த படிகக் கல்லை அறுத்து, தேய்த்து, பளபளப்பாக்கி, மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் செய்தார்கள். வல்லத்துக் கல் என்றால் ஒரு காலத்தில் தனி மதிப்பு. கண்ணுக்குக் குளிர்ச்சி என்று ஜனங்கள் நம்பி வாங்கினார்கள்.

தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும் என்பது உண்மை. வெயிலுக்கு நல்லதா என்றால், அதுதான் இல்லை. கண்ணுக்குக் கெடுதி செய்யும் புற ஊதாக் கதிரைப் படிகம் உள்ளே விட்டுவிடும். சாதாரணக் கண்ணாடி அதைவிட ஓரளவு மேல். ஆக, 'குளிர்ச்சி' என்ற பெயர் அன்றும் ஏமாற்றியது. இன்றைய கூலிங் கிளாஸ் விஷயத்திலும் பெயரைப் பார்த்து மயங்கக் கூடாது. கறுப்பாக இருப்பதாலேயே கண்ணுக்குக் காவல் ஆகிவிடாது. 400 நானோமீட்டர் வரை புற ஊதாக் கதிரைத் தடுக்கும் என்ற குறி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 'யு.வி. 400' என்று ஒட்டியிருப்பார்கள்.

கறுப்புக் கண்ணாடி எல்லோருக்கும் உரியதானதும் நடைபாதையில்தான். அமெரிக்காவில் அட்லாண்டிக் சிட்டி கடற்கரையில் 1929-ல் சாம் பாஸ்டர் என்பவர் மலிவான வெயில் கண்ணாடியை விற்கத் தொடங்கினார். அது பிய்த்துக்கொண்டு போயிற்று. தமிழ்நாட்டில் இதற்கு விளம்பரமே தேவைப்படவில்லை. 1957-ல் குளித்தலையில் முதல் தேர்தலை வென்ற கலைஞர் கருணாநிதியும், எம்.ஜி.ஆரும் முதலமைச்சர்களாகக் கறுப்புக் கண்ணாடியோடு காட்சி கொடுத்தார்கள். ஒருவருக்கு அது கண்ணில் பட்ட காயத்தால் வந்தது. அவர்களின் கண்ணாடியைச் சுவரில் கோணலாக வரைந்த ஓவியரை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்!

அழகு மட்டும்தானா?

"கொஞ்சம் கோணினால் என்ன? குடியா முழுகிவிடும்?" என்று கேட்கலாம்.

இளைஞர்களுக்கு அழகுதான் பெரிய கவலை. அது நியாயமானதே. ஆனால் அதோடு முடிவதில்லை.

கோணலான கண்ணாடியின் பாரம் ஒரே பக்கத்தில் இறங்குகிறது. ஒரு காதுக்குப் பின்னால் புண்ணாகிறது. மூக்கின் ஒரு பக்கம் சிவந்து பள்ளமாகிறது. வேர்வை பட்டால் எரிகிறது. அரை மணி நேரத்தில் தலைவலி. பிறகு அந்தக் கண்ணாடி மேஜை டிராயருக்குள் போய்விடும். வாங்கிய பணம் அதோடு போச்சு.

ஒரு பக்கம் இறங்கினால், புருவத்தின் பக்கம் இடைவெளி விழுகிறது. மேலிருந்து வெளிச்சம் நேராக உள்ளே வருகிறது. கீழிருந்தும் வரும். உலர்ந்த மணல் புற ஊதாக் கதிரில் ஏறக்குறைய 15 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கறுப்பு லென்சுக்குப் பின்னால் கண்பாவை விரிந்து கொடுக்கும். கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திருடனை விட்டது போல ஆகும்.

இரண்டு சக்கர வண்டியில் போகிறவர்கள் விஷயம் இன்னும் மோசம். 1976-ல் கட்டிய காவிரிப் பாலத்தின் மேல் எதிர்க் காற்று வீசும். நழுவுகிற கண்ணாடியை ஒரு கையால் ஏற்றிக்கொண்டே போகிறார்கள். ஹேண்டில் பாரில் ஒரு கைதான் இருக்கிறது. முன்னால் போகும் பஸ் சட்டென்று நின்றால் என்ன ஆகும்?

பவர் போட்ட கறுப்புக் கண்ணாடி அணிகிறவர்கள் கோணலை ஒரு நாளும் பொறுக்கக் கூடாது. லென்சின் மையம் கண்பாவைக்கு நேராக இருக்க வேண்டும். சிலிண்டர் பவர் உள்ளவர்களுக்கு, லென்ஸ் எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்றும் டாக்டர் எழுதித் தருகிறார். 30 டிகிரி திரும்பிப் போனால் அந்தப் பவரைப் போட்டும் பலனில்லை. முகத்தில் கோணுவது அவ்வளவு இருக்காதுதான். பவர் கூடுதலாக இருந்தால் ஐந்து, பத்து டிகிரிக்கே எழுத்து மங்கும். கீழ்ப் பாதியில் படிப்பதற்கென்று தனிப் பவர் வைத்த கண்ணாடியானால், ஒரு கண் படிக்கும் பவர் வழியாகவும் மறு கண் தூரப் பவர் வழியாகவும் பார்க்கும். அப்படி ஒரு கண்ணாடியோடு உச்சிப் பிள்ளையார் கோவிலின் நானூறுக்கும் மேற்பட்ட படிகளில் இறங்குவது எப்படி இருக்கும் என்று வயதானவர்களைக் கேட்க வேண்டும்.

ஏற்றம் இறைப்பது போல

சரி, கோணலை எப்படி நிமிர்த்துவது?

முதலில் திருகாணியைப் பார்க்க வேண்டும். கம்பி மடங்குகிற மூட்டில் சின்னஞ்சிறு திருகாணி இருக்கிறது. அது தளர்ந்திருந்தால் அந்தப் பக்கம் தொங்கும். பாதிக் கோணல் இதனால்தான் வருகிறது. சிறிய திருப்புளியால் அரைச் சுற்று முறுக்கினால் முடிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினால் புரி போய்விடும்.

அடுத்தது மூக்குத் திண்டு. மூக்கின் இரு பக்கமும் உட்காரும் சிறிய ரப்பர் போன்ற துண்டுகள் சில பிரேம்களில் தனியாக இருக்கும். ஒன்று அழுந்திப் போய் மற்றொன்று விலகி நின்றால் கண்ணாடி பக்கவாட்டில் நகரும். இரண்டையும் சமமாகக் கொண்டு வர வேண்டும்.

இது இரண்டும் சரியாக இருந்தும் கோணலா? அப்படியானால் கண்ணாடியைத் தலைகீழாகக் கவிழ்த்து, கம்பிகளை விரித்து, சமமான மேஜையின் மேல் வைத்துப் பார்க்கலாம். இரண்டு கம்பிகளும் மேஜையைத் தொட வேண்டும். ஒன்று அந்தரத்தில் நின்றால் பிரேம் வளைந்திருக்கிறது. இரண்டும் தொட்டும் முகத்தில் சாய்கிறதென்றால், காதுகளின் உயரம் வேறு. அப்போது மேஜையின் தீர்ப்பை ஒதுக்கிவிட்டு முகத்தின் தீர்ப்பைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இனி முக்கியமான சங்கதி. பலர் தவறு செய்வதும் இங்கேதான்.

வலப் பக்கம் ஏறி நிற்கிறது என்றால், வலக் கம்பியைக் கீழே வளைக்கத் தோன்றும். அப்படிச் செய்தால் இன்னும் ஏறிவிடும்! ஏறி நிற்கும் பக்கத்துக் கம்பியை மேல் நோக்கி வளைக்க வேண்டும். இறங்கி நிற்கும் பக்கத்துக் கம்பியைக் கீழ் நோக்கி வளைக்க வேண்டும்.

ஏற்றம் இறைத்ததைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். பின் முனை உயர்ந்தால் முன் முனை தாழும். பின் முனை தாழ்ந்தால் முன் முனை உயரும். இங்கே காதுதான் ஏற்றத்தின் கால். அது அசையாது. கம்பியின் சாய்வு மாறினால், முன்னால் இருக்கும் லென்ஸ் ஏறும், அல்லது இறங்கும்.

இன்னொரு விதக் கோணலும் உண்டு. ஒரு லென்ஸ் முகத்தை ஒட்டி நிற்கும். மற்றது விலகி நிற்கும். மேலிருந்து பார்த்தால் தெரியும். ஒட்டி நிற்கும் பக்கத்துக் கம்பியை உள்பக்கமாகவும், விலகி நிற்கும் பக்கத்துக் கம்பியை வெளிப்பக்கமாகவும் வளைக்க வேண்டும்.

எதையும் ஒரே தடவையில் செய்யக் கூடாது. நெல் முனை அளவு வளைக்க வேண்டும். மாட்டிப் பார்க்க வேண்டும். மறுபடி வளைக்க வேண்டும். அவசரக்காரருக்கு இந்த வேலை உதவாது.

சூடு காட்டுவதில் சூட்சுமம்

உலோகக் கம்பியானால் சூடு தேவையில்லை. விரலாலேயே மெதுவாக வளைக்கலாம். மூட்டின் பக்கத்தில் மறு கையால் இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பலமெல்லாம் மூட்டில் இறங்கி முறிந்துவிடும்.

பிளாஸ்டிக்கில் இரண்டு சாதி. நல்ல பிரேம்கள் பல, செல்லுலோஸ் அசிட்டேட் என்ற பொருளால் ஆனவை. பருத்தி நாரிலிருந்தும் மரக்கூழிலிருந்தும் செய்வது. மிதமாகச் சூடு காட்டினால் இளகும். ஆறினால் அப்படியே நிற்கும். கடைக்காரர்கள் சூடான காற்று வீசும் சிறு இயந்திரம் வைத்திருக்கிறார்கள். முன்பெல்லாம் சட்டியில் மணலையோ உப்பையோ சுட வைத்து, அதற்குள் கம்பியைப் புதைத்து எடுத்துத் திருத்தினார்கள். கடலை வறுக்கிற கதைதான்.

வீட்டில் செய்கிறவர்கள், கை பொறுக்கும் சூடுள்ள வெந்நீரில் கம்பியை மட்டும் அரை நிமிடம் வைத்து எடுக்கலாம். லென்சில் வெந்நீர் படக் கூடாது. அதன் மேல் பூசிய பூச்சு வெடித்துவிடும். மெழுகுவத்தி, அடுப்பு, தீக்குச்சி எதன் கிட்டவும் கொண்டு போகக் கூடாது. பழைய காலத்துச் செல்லுலாயிட் பிரேம் குப்பென்று தீப்பிடிக்கும் பொருள். தாத்தாவின் பிரேம் பெட்டியில் இருந்தால் ஞாபகம் இருக்கட்டும்.

நடைபாதையில் விற்கும் மலிவுக் கண்ணாடிகள் பெரும்பாலும் அச்சில் ஊற்றிய கடினப் பிளாஸ்டிக். இதற்குச் சூடும் காட்ட முடியாது. வளைத்தால் 'டக்' என்று ஒடியும். அதனால் வாங்கும்போதே ஐந்தாறு கண்ணாடியை மாட்டிப் பார்த்து, நேராக நிற்பதைப் பொறுக்குவது ஒன்றுதான் வழி. கத்தரிக்காய் வாங்கும்போது காட்டும் கவனத்தில் பாதி போதும்.

கம்பியின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் மூன்று எண்கள் இருக்கும். உதாரணமாக 52, 18, 140. முதல் எண் லென்சின் அகலம். இரண்டாவது மூக்குப் பாலத்தின் அகலம். மூன்றாவது கம்பியின் நீளம். எல்லாம் மில்லி மீட்டர் கணக்கு. தனக்கு நன்றாக நிற்கும் பழைய கண்ணாடியின் எண்ணைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போகிறவர் புத்திசாலி.

நிமிர்த்திய கண்ணாடி மறுபடி கோணுவதற்குப் பாதிக் காரணம் வீட்டிலேயே இருக்கிறது. ஒரு கையால் இழுத்துக் கழற்றுகிறார்கள். அந்தப் பக்கத்து மூட்டு விரிகிறது. நிழலுக்கு வந்ததும் தலைமேல் ஏற்றி வைக்கிறார்கள். நெற்றியை விடத் தலை அகலம். இரண்டு பக்கமும் விரிகிறது. காருக்குள் முன் கண்ணாடி ஓரம் வைத்துவிட்டு ஸ்ரீரங்கத்தில் தரிசனத்துக்குப் போகிறார்கள். திரும்பி வருவதற்குள் அசிட்டேட் பிரேம் இளகி நெளிந்துவிடும். அன்று கூட்டமும் அதிகமாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

யார் செய்ய வேண்டிய வேலை?

இவ்வளவையும் வாங்குகிறவரே செய்துகொள்ள வேண்டுமா? கூடாது.

தையற்காரர் சட்டை தைத்தால், போட்டுப் பார்க்கச் சொல்கிறார். தோள் இறங்கினால் பிரித்துத் தைக்கிறார். "உங்க தோள்தான் கோணல்" என்று சொல்லி அனுப்புவதில்லை. வளையல் கடைக்காரர் கையைப் பிடித்துப் பார்த்து அளவு எடுக்கிறார். செருப்புக் கடைக்காரர் நடந்து பார்க்கச் சொல்கிறார். முகத்தின் நடுவில், கண்ணுக்கு நேரே நிற்கும் சாமானுக்கு மட்டும் ஏன் இந்த அலட்சியம்?

பவர் கண்ணாடி விற்கும் நல்ல கடைகளில், கேட்டால் திருத்தித் தருகிறார்கள். பலர் காசும் வாங்குவதில்லை. ஆனால் கேட்டால்தான்! கேட்பதற்கு ஜனங்கள் கூச்சப்படுகிறார்கள். படிப்பறிவு குறைந்தவர், கிராமத்திலிருந்து வந்தவர், கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகவே தயங்குகிறார். விற்ற கடைக்காரர்தான் முதலில் முகத்தைப் பார்த்து, "கொஞ்சம் இருங்க, சரி பண்ணித் தர்றேன்" என்று சொல்ல வேண்டும். விற்ற விலையில் அந்த வேலையும் அடக்கம். கண்ணாடியை விற்று, அது நிற்கும் விதத்தைப் பற்றிக் கவலைப்படாதவர் பாதிச் சாமானைத்தான் விற்றிருக்கிறார்.

நடைபாதை வியாபாரியிடம் இதை எதிர்பார்ப்பது சற்று அதிகம்தான். அவரிடம் சூடு காட்டும் கருவி இல்லை. ஒரு திருப்புளி வைத்துக்கொள்ளலாம். மூக்கைக் குறை சொல்லாமல் இருக்கலாம்.

புரை எடுத்த கண்ணுக்கு

எல்லோரையும் விட இந்த உதவி தேவைப்படுகிறவர்கள் கண்புரை ஆபரேஷன் செய்துகொண்ட முதியவர்கள்.

முன்பு ஆபரேஷன் முடிந்ததும் 'சோடாப் புட்டி'க் கண்ணாடி கொடுத்தார்கள். கண்ணுக்குள் இருந்த லென்சை எடுத்துவிட்டு, அதன் வேலையை வெளியே மூக்கின் மேல் வைத்தார்கள். எல்லாம் கால் பங்கு பெரிதாகத் தெரிந்தது. கண்ணாடி சற்று நழுவினாலும் உலகமே நகர்ந்தது. இப்போது கண்ணுக்குள்ளேயே செயற்கை லென்ஸ் வைக்கிறார்கள். அந்த லென்சை 1992 முதல் மதுரையில் அரோலாப் நிறுவனம் குறைந்த விலையில் செய்து வருகிறது. சோடாப் புட்டி ஒழிந்தது. ஏழைகளுக்கு இது பெரிய வாழ்வு.

திருச்சிக்கும் கண் வைத்தியத்தில் நீண்ட பெருமை உண்டு. ஜோசப் கண் ஆஸ்பத்திரி 1934-ல் இங்கே தொடங்கியது. 1976-ல் மத்திய அரசு பார்வை இழப்புத் தடுப்புத் திட்டத்தைக் கொண்டு வந்தது. ஊர் ஊராக முகாம் நடத்தி, முதியவர்களை வண்டியில் அழைத்துப் போய், ஆபரேஷன் செய்து திருப்பி அனுப்பும் நல்ல வழக்கம் தமிழ்நாடெங்கும் வேரூன்றியிருக்கிறது.

வீட்டுக்குத் திரும்பும்போது ஒரு கறுப்புக் கண்ணாடி கொடுப்பார்கள். காற்று, தூசி, வெயில் கூச்சம் எல்லாவற்றுக்கும் அதுதான் காவல். டாக்டர் சொன்ன நாள் வரை அதைக் கழற்றக் கூடாது. கண்ணைக் கசக்கக் கூடாது.

இந்தக் கண்ணாடி பெரும்பாலும் எல்லோருக்கும் ஒரே அளவு. ஆறடி உயரக் குடியானவருக்கும் அதுதான். கன்னம் ஒட்டிப்போன பாட்டிக்கும் அதுதான். பாட்டியின் சின்ன முகத்தில் அது ஒரு பக்கமாகச் சரிகிறது. பாட்டி கையால் ஏற்றுகிறாள். அடுப்படியில் வேர்க்கிறது. மறுபடி சரிகிறது. மறுபடி கை போகிறது. ஆபரேஷன் செய்த கண்ணின் பக்கத்தில் ஒரு நாளில் எத்தனை தடவை அந்தக் கை போகும்? கழுவிய கையா, கழுவாத கையா?

இரண்டாம் நாள் பாட்டி அதைக் கழற்றி மாடத்தில் வைத்துவிடுகிறாள். "எனக்கு இது ஒத்துக்கலைடா" என்கிறாள். பேரனும் விட்டுவிடுகிறான். ஒத்துக்கொள்ளாதது பாட்டியின் கண்ணுக்கு அல்ல. கம்பி அகலம். அவ்வளவுதான்.

புரை ஆபரேஷன் எவ்வளவு நுணுக்கமான வேலை! மயிரிழை தவறாமல் டாக்டர் கண்ணுக்குள் லென்சை வைக்கிறார். அதற்குக் காவலாகக் கொடுத்த கண்ணாடி ஒரு விரற்கடை சரிந்து கிடந்தால், யாரும் அதைக் கேட்பதில்லை. முகாம் நடத்துகிற சங்கங்கள் கேட்க வேண்டும். கண்ணாடியை நன்கொடையாகத் தருகிறவர்கள் மூன்று அளவில் வாங்கித் தர வேண்டும். சிறிய முகம், நடுத்தர முகம், பெரிய முகம் என்று பிரித்தால் போதும். விலையில் பெரிய வித்தியாசம் வராது.

முதியவர்கள் வண்டி ஏறுவதற்கு முன்னால் ஒரு பெஞ்சு போட்டு, ஒருவர் உட்கார்ந்துவிட வேண்டும். கையில் ஒரு சின்னத் திருப்புளி. பக்கத்தில் ஒரு பாத்திரத்தில் வெந்நீர். தலைக்குப் பின்னால் கட்டிக்கொள்ள ஒரு கட்டு நாடா. ஒவ்வொருவரையும் எதிரே உட்கார வைத்து, இரண்டு புருவமும் கண்ணாடி விளிம்பும் சமமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காதுக்குப் பின்னால் அழுத்துகிறதா என்று கேட்க வேண்டும். குனியச் சொல்லி, நழுவுகிறதா என்று பார்க்க வேண்டும். கல்லூரி மாணவர்களுக்கு ஒரு மாலை நேரத்தில் இதைக் கற்றுக்கொடுத்துவிடலாம். ஆளுக்கு இரண்டு நிமிடம் ஆகும். முப்பது பேருக்கு ஒரு மணி நேரம். வண்டி ஒரு மணி நேரம் தாமதமாகக் கிளம்பட்டுமே!